அட்டையில் உள்ள பெயர்

தமிழில் எழுத வருகிறவனுக்குக் கதை அகப்படுவதற்கு முன்பே புனைபெயர் அகப்பட்டுவிடுகிறது. நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பத்துப் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, மிஞ்சியதை வைத்துக்கொண்டு அதற்குத் தகுந்த மாதிரி எழுத உட்காருகிறான். ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு. குலதெய்வத்தைச் சேர்த்துக்கொண்டவர்களும் உண்டு. விருத்தாசலம் புதுமைப்பித்தன் ஆனார். கிருஷ்ணமூர்த்தி கல்கி ஆனார். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரை வாங்கிக்கொண்டு சுஜாதா ஆனார். இன்னொருவர் 'திருவரங்கன் உலா' எழுதும்போது ஸ்ரீவேணுகோபாலனாக இருப்பார். வாரப் பத்திரிகைகளில் வேறு ரகமான தொடர்கதை எழுதும்போது புஷ்பா தங்கதுரை ஆகிவிடுவார். ஆண்பிள்ளைகள் பெண் பெயரில் எழுதியதற்காக நம் வாசகர்கள் ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. கொஞ்சம் சிரித்துக்கொண்டார்கள், பிறகு அடுத்த வாரத்துக்காகக் காத்திருந்தார்கள்.

நானும் புனைபெயர் வைத்துக்கொண்டவன்தான். அதற்கு அவசியம் என்று ஒன்றும் இருக்கவில்லை. சொந்தப் பெயர் பத்திரிகையில் வந்திருந்தால் என்னை யாரும் அடித்திருக்க மாட்டார்கள். அப்பா ஒரு தடவை முகத்தைச் சுளித்திருப்பார், அவ்வளவுதான். மோதிரம் போட்டுக்கொள்கிற மாதிரி ஆசைக்கு வைத்துக்கொண்ட பெயர் அது.

சில மாதங்களாக நான் வரிசையாகப் படித்துவந்த புத்தகங்களில் பெயர் இப்படி விளையாட்டுப் பொருளாக இல்லை. பெண்களும், திருநங்கைகளும், தம்மைப்போன்ற ஆணையே விரும்பும் ஆண்களும் எழுதிய புத்தகங்கள் அவை. அவர்களில் சிலருக்குப் பெயர் மறைந்துகொள்வதற்கு ஒரு திரை. சிலருக்கு வெளியே வருவதற்கு ஒரு கதவு. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ளாமல் அந்தப் புத்தகங்களைப் படிக்க முடியாது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அம்பையைச் சொல்ல வேண்டும். சி. எஸ். லக்ஷ்மி 1944-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். அம்பை என்ற பெயர் அவருக்கு இரண்டு இடங்களிலிருந்து வந்தது. ஒன்று, தேவன் எழுதிய 'பார்வதியின் சங்கல்பம்'. ஒன்றும் தெரியாதவள் என்று புருஷனால் அலட்சியம் செய்யப்பட்ட ஒருத்தி, அம்பை என்ற பெயரில் எழுத ஆரம்பிக்கிற கதை அது. இன்னொன்று, நம் எல்லாருக்கும் தெரிந்த பாரதத்து அம்பை. பீஷ்மர் தூக்கி வந்து, சால்வனும் வேண்டாமென்று சொல்லி, எங்கேயும் இடமில்லாமல் போனவள். மறுபிறப்பில் சிகண்டியாக வந்து யுத்தகளத்தில் நின்றவள். சிகண்டி என்ற பெயரை நாம் வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறோம். எழுத வந்த ஓர் இளம்பெண் அந்தக் கதையிலிருந்தே தமக்குப் பெயர் எடுத்துக்கொண்டார். கைவிடப்பட்ட பெண்ணின் வழக்கும், ஆணா பெண்ணா என்று ஊர் கேட்கிற கேள்வியும் ஒரே பெயருக்குள் அடங்கியிருக்கின்றன. பெண்ணியப் புத்தகங்களையும் பால்புதுமையர் எழுதும் புத்தகங்களையும் ஏன் ஒரே மூச்சில் பேசுகிறீர்கள் என்று யாராவது என்னைக் கேட்டால், அம்பை என்ற பெயரைத்தான் காட்டுவேன்.

அம்பையின் முதல் தொகுதி 'சிறகுகள் முறியும்' 1976-ல் வந்தது. 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' 1988-ல். பெரிய குடும்பம், வீட்டைப் பற்றி எல்லாத் திட்டமும் போடுகிறார்கள், சமையலறையைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஆனால் அங்கே வேகிறதைக் கொண்டுதான் அத்தனை பேரும் வாழ்கிறார்கள். பிரசங்கம் என்று ஒரு வரி கிடையாது. படித்த பிறகு நம் வீட்டுச் சமையலறையின் ஜன்னல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றும். நான் போய்ப் பார்த்தேன். 'சிவப்புக் கழுத்துடன் ஒரு பச்சைப் பறவை' தொகுதிக்காக 2021-ம் வருஷத்துச் சாகித்திய அகாதெமி விருது அம்பைக்குக் கிடைத்தது. முதல் தொகுதிக்கும் அந்த விருதுக்கும் நடுவே நாற்பத்தைந்து வருஷம். நம்மவர்கள் அவசரப்படுகிறவர்கள் அல்லர்.

சல்மாவின் விஷயம் வேறு. திருச்சிராப்பள்ளி மாவட்டத்துத் துவரங்குறிச்சிக்காரர், 1968-ல் பிறந்தவர். வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடம் நின்றுபோயிற்று. வெளி உலகமும் நின்றுபோயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு எழுதுவதே குற்றமாக இருந்தது. எல்லாரும் தூங்கிய பிறகு கழிவறையில் நின்றுகொண்டு கிடைத்த காகிதத்தில் எழுதியதையும், அந்தக் காகிதங்களைத் தாயார் மறைத்து வெளியே கொண்டுபோய்ச் சேர்த்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். வீட்டில் வைத்த பெயரில் கவிதை வந்தால் வீடு தாங்காது. ஆகவே சல்மா என்று ஒரு பெயர் வேண்டியிருந்தது. ஆசைக்குப் பெயர் வைத்துக்கொண்ட நாமெல்லாரும் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கமாக இருப்பது நல்லது.

2000-ல் கவிதைத் தொகுதி வந்தது. 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' என்ற பருமனான நாவல். அதில் கதாநாயகன் இல்லை; கதாநாயகி என்றும் ஒருத்தியைச் சொல்ல முடியாது. ஒரு தெருவின் பெண்கள் இருக்கிறார்கள். ராபியா என்ற சிறுமியின் கண்ணுக்குப் படுகிறதும் படாததுமாகப் பெரியவர்களின் வாழ்க்கை நடக்கிறது. பிர்தௌஸ் என்ற பெண், தனக்குக் கட்டிவைத்த புருஷனை முதல் நாளே வேண்டாமென்று சொல்லிவிடுகிறாள். அந்த ஒரு வார்த்தையின் பளுவை ஊர் எப்படி அவள் தலைமேல் இறக்கிவைக்கிறது என்பது நாவலின் பெரும் பகுதி. நாவல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்குப் பொறாமை உண்டாக்கியது இதில் வருகிற பேச்சு. ஆண்கள் கூட்டத்தில் இல்லாதபோது பெண்கள் பேசிக்கொள்வதை நம் நாவல்களில் ஆண்கள்தாம் எழுதிவந்தோம். கதவுக்கு வெளியே நின்று காதில் விழுந்ததை எழுதினோம். கதவுக்கு உட்புறம் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது.

அந்தச் சமயத்தில்தான் குட்டி ரேவதி, மாலதி மைத்ரி, சுகிர்தராணி ஆகியோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2002-ல் குட்டி ரேவதியின் தொகுதி வெளிவந்தபோது, உள்ளே உள்ள கவிதைகளைப் படிக்காதவர்கள்கூட 'முலைகள்' என்ற தலைப்பைப் படித்துவிட்டுச் சண்டைக்கு வந்தார்கள். ஆண் கவிகள் ஆயிரம் வருஷமாகப் பாடிய உறுப்புத்தான். உடையவர் எழுதியதுதான் குற்றமாகப் போயிற்று!

புனைபெயரைத் திரையாகப் பிடித்துக்கொண்டிருந்து, ஒருநாள் அதை விலக்கிவிட்டு வந்தவர் ஒருவர் பக்கத்து மொழியில் இருக்கிறார். கன்னட எழுத்தாளர் வசுதேந்திரா பெங்களூரில் மென்பொருள் கம்பெனியில் வேலை பார்த்தவர். கட்டுரைகளாலும் கதைகளாலும் ஏற்கனவே பெயர் எடுத்தவர். மோகனசாமி என்ற பாத்திரத்தைப் பற்றிய முதல் கதையை அவர் அந்தப் புகழ்பெற்ற பெயரில் வெளியிடவில்லை. வேறு பெயரில் வெளியிட்டார். தன்னோடு பல வருஷம் ஒன்றாக வாழ்ந்த கார்த்திக் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு போவதை மோகனசாமி பார்த்துக்கொண்டு நிற்கிற கதை அது. பிறகு 2013-ல் 'மோகனசாமி' தொகுதியாக வந்தபோது அட்டையில் வசுதேந்திரா என்றே இருந்தது. அதே வருஷம் டிசம்பரில்தான் உச்சநீதிமன்றம், டில்லி உயர்நீதிமன்றத்தின் 2009-ம் வருஷத்துத் தீர்ப்பைத் தள்ளி, 377-வது பிரிவை மறுபடி நிலைநிறுத்தியது. 2018 செப்டம்பர் 6-ந் தேதி வரை, வயது வந்த இருவர் மனமொப்பிச் சேர்ந்து வாழ்வதற்கு அந்தப் பிரிவு குறுக்கே நின்றது. அப்படிப்பட்ட காலத்தில் புத்தகத்தின் மேல் சொந்தப் பெயரைப் போடுவது என்பது கையெழுத்து மட்டுமா? வாக்குமூலமும் ஆகும் அல்லவா?

இதுவரை சொன்னவர்களுக்கெல்லாம் இரண்டு பெயர் இருந்தது. எதை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் பிரச்னை. திருநங்கைகள் எழுதிய புத்தகங்களுக்கு வரும்போது இந்தக் கணக்கே மாறிவிடுகிறது. அது மாறுகிறது என்பது எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த பேச்சில் எனக்கு நன்றாக விளங்கிற்று.

அங்கே வாசகர் வட்டம் என்று ஒன்று உண்டு. மாதம் ஒரு புத்தகத்தைப் பற்றி யாராவது பேச வேண்டும். என் முறை வந்தபோது ரேவதியின் 'வெள்ளை மொழி'யை எடுத்துக்கொண்டேன். பேசி முடித்ததும் முன் வரிசையில் இருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எழுந்தார்.

"ஒரு மணி நேரம் பேசினீங்க. அவங்களோட அசல் பேரு என்னன்னு சொல்லவே இல்லையே சார்?"

"ரேவதிதான் ஐயா."

"அது அவங்களா வச்சுக்கிட்ட பேரு. அப்பா அம்மா வச்ச பேரு?"

"புதுமைப்பித்தன் பேரும் அவரா வச்சுக்கிட்டதுதானே ஐயா?"

"சொ. விருத்தாசலம்!" என்றார் அவர், வகுப்பில் பதில் சொல்லுகிற பையனைப்போல. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார். "பார்த்தீங்களா? அது எல்லாருக்கும் தெரியும். இதை மட்டும் ஏன் மறைக்கணும்?"

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள், மேஜையருகே பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த நூலகர் அம்மாள் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எனக்குக் கல்யாணமானப்போ இனிஷியலை மாத்தினாங்க ஐயா. இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. ரேஷன் கார்டு, பாங்கு புஸ்தகம் எல்லாத்துலயும் மாத்தியாச்சு. உன் அசல் இனிஷியல் என்னம்மான்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை."

கூட்டம் இந்தத் தடவை சிரிக்கவில்லை. தலைமையாசிரியர் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார். போகும்போது புத்தகத்தைத் தம் பெயரில் எழுதி எடுத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் திருப்பிக் கொடுக்கையில் என்னிடம், "நாமக்கல் பக்கம்தான் சார் எங்க மாமனார் ஊரும்," என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அவர் கேட்ட கேள்வியை நான் பிறகும் நினைத்துப் பார்த்ததுண்டு. நியாயமாகக் கேட்கிற ஒருவருக்கு நியாயமாகப் பதில் சொல்ல வேண்டும். விருத்தாசலத்துக்கும் ரேவதிக்கும் என்ன வித்தியாசம்? புதுமைப்பித்தன் எழுதி முடித்துப் பேனாவை மூடிவிட்டால் விருத்தாசலமாக வீட்டுக்குப் போகலாம். மனைவிக்கு, தபால்காரனுக்கு, கடன் கொடுத்தவனுக்கு அவர் விருத்தாசலம். எழுதும்போது மட்டும் உடுத்திக்கொண்ட சட்டை புதுமைப்பித்தன். ரேவதிக்கு அது நேர்மாறு. வீட்டிலும் பள்ளியிலும் பிறர் மாட்டிவிட்ட பெயர்தான் அவருக்குச் சட்டை. மூச்சு முட்டுகிற சட்டை. அதைக் கழற்றிய பிறகு இருப்பது ரேவதி. சுருக்கமாகச் சொன்னால், பெற்றோர் வைத்ததுதான் அவருடைய புனைபெயர். அசல் பெயர் அட்டையில் இருக்கிறது.

லிவிங் ஸ்மைல் வித்யா தம் வாழ்க்கை வரலாற்றுக்கு வைத்த தலைப்பே இதைச் சொல்கிறது: 'நான், வித்யா'. 2007-ல் வந்த புத்தகம். மொழியியலில் முதுகலைப் பட்டம் வாங்கியவர். புனே ரயில்களில் பிச்சை எடுக்க வேண்டியிருந்தது. அறுவைச் சிகிச்சைக்காகக் கடப்பைக்குப் போனதையும், அங்கே பட்ட வேதனையையும் ஒளிக்காமல் எழுதுகிறார். அந்த வேதனையைவிட என்னை அதிகமாகத் தைத்தது, சான்றிதழ்களில் பெயரை மாற்றுவதற்காக அவர் அலைந்த அலைச்சல். எண்கணிதம் பார்த்துப் பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொள்கிறவர்களுக்கு அரசிதழ் தாராளமாக இடம் கொடுக்கிறது. ஆண் பெயரிலிருந்து பெண் பெயருக்கு ஒருவர் வந்தால், காரணம் கேட்டு, ஆதாரம் கேட்டு, நாளைக்கு வா என்றார்கள். ஒருவருடைய பாலை அவரே சொல்லிக்கொள்ளலாம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஏப்ரல் 15-ந் தேதி. புத்தகம் அதற்கு ஏழு வருஷம் முந்தியது. சட்டம் ஒப்புக்கொள்வதற்கு முன்பே ஒருவர் தலைப்பில் தம் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ரேவதி எழுத வந்த விதமும் கவனிக்கத் தக்கது. நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் தம் கதையை எழுதவில்லை. தம்மைப் போன்றவர்களைக் கண்டு பேசி, அவர்கள் சொன்னதைத் தொகுத்து 'உணர்வும் உருவமும்' என்று வெளியிட்டார். பிறகுதான் தம்மைப் பற்றி எழுதினார். தமிழில் எழுதியதுதான், ஆனால் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் 2010-ல் ஆங்கிலத்தில் முதலில் வந்தது. தமிழ்ப் புத்தகம் 'வெள்ளை மொழி' அடுத்த வருஷம் வந்தது. நம் ஊர்க் கதை வெளியூர்க்காரனைச் சுற்றிக்கொண்டு நமக்கு வந்து சேர்வது புதிதல்ல.

'வெள்ளை மொழி'யில் அலங்காரம் கிடையாது. அண்ணன் அடித்ததைச் சொல்கிறார். அடித்த வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போனதையும் சொல்கிறார். ஏன் போனீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அம்மா இருந்த வீடு, அதனால் போனார். இரக்கப்படுங்கள் என்று அவர் நம்மிடம் கேட்கவில்லை. இரக்கப்படுவது வாசகனுக்குச் சுலபமான வேலை. இரண்டு சொட்டுக் கண்ணீரோடு புத்தகத்தை மூடிவிடலாம். அந்தச் சுலபமான வழியை அவர் நமக்கு அடைத்துவிடுகிறார்.

இத்தகைய புத்தகங்களைப் பற்றி நம்மவர்கள் கேட்கிற இன்னொரு கேள்வியும் உண்டு: "சொந்தக் கதையா?" கொலைக் கதை எழுதுகிறவரை யாரும் போலீஸில் பிடித்துக் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு பெண் ஆசையைப் பற்றி எழுதினால் விசாரணை ஆரம்பமாகிவிடுகிறது. அம்பையும் சல்மாவும் வசுதேந்திராவும் எழுதியது கதை. கற்பனை செய்து, திட்டமிட்டு, வெட்டிச் சேர்த்து எழுதியது. அதைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்பது அவர்கள் உழைப்பை அலட்சியம் செய்வதாகும். ரேவதியும் வித்யாவும் எழுதியது சுயசரிதை. ஆனாலும் எதை முதலில் சொல்வது, எங்கே நிறுத்துவது என்று தெரிந்து எழுதியது. அந்தத் திறமைக்குரிய மரியாதையை நாம் இன்னும் முழுசாகக் கொடுத்து முடிக்கவில்லை.

வெளியே கொடுத்திருக்கிறார்கள். நியூயார்க்கில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் பட்லர் நூலகத்து முகப்பில் ஹோமர், பிளேட்டோ, அரிஸ்டாட்டில், வெர்ஜில் என்று கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது; அத்தனையும் ஆண் பெயர். 1989-ல் ஒரு மாணவி, பெண் எழுத்தாளர்களின் பெயர்களை நீண்ட துணியில் எழுதி அதற்கு மேலே கட்டச் செய்தார். முப்பது வருஷம் கழித்து 2019-ல் மறுபடி ஒரு துணி கட்டினார்கள். மாயா ஆஞ்சலு, ஸோரா நீல் ஹர்ஸ்டன், டோனி மாரிஸன் ஆகியோரின் வரிசையில், ஏ. ரேவதி என்றும் அதில் எழுதியிருந்தது. நாமக்கல் கிராமத்தில் சொல்லக் கூடாது என்று அடித்த பெயர். பிளேட்டோவின் பெயர் கல், ரேவதியின் பெயர் துணி என்பது உண்மைதான். ஆனாலும் அந்தத் துணியில் எழுதியிருந்தது அவர் தாமே வைத்துக்கொண்ட பெயர்.

நமக்கு இதெல்லாம் புதுசு, மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தொல்காப்பியத்தைப் புரட்டிப் பார்க்கச் சொல்கிறேன். சொல்லதிகாரத்தின் தொடக்கத்தில், கிளவியாக்கத்தின் நாலாவது நூற்பாவிலேயே இந்த விஷயம் வந்துவிடுகிறது. ஆண்மை திரிந்தவர்களைக் குறிக்கும் பெயருக்கென்று தனி ஈறு கிடையாது. உயர்திணைக்குரிய ஈறுகளைத்தான் அது பெறும் என்கிறார் ஆசிரியர். தெய்வத்தைச் சுட்டும் பெயரையும் அதே நூற்பாவில், அதே விதியின் கீழ்ச் சேர்த்துச் சொல்கிறார். அந்தக் காலத்துச் சமூகம் அவர்களை எப்படி நடத்திற்று என்பது வேறு விஷயம். இலக்கணம் அவர்களை உயர்திணையில் உட்காரவைத்துவிட்டது. 'அவர்' என்ற சொல்லையும் பாருங்கள். ஆணா பெண்ணா என்று விசாரிக்காமலே மரியாதை கொடுக்கிற சொல் அது. ஒருவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசி, அந்த ஒரு சொல்லாலேயே கௌரவமாக முடித்துவிடலாம். மொழி எப்போதோ கற்றுக்கொண்டதை, அதைப் பேசுகிறவர்கள் இன்னும் எழுத்துக்கூட்டிக்கொண்டிருக்கிறோம்.

இலக்கணம் ஈறு கொடுத்தது. பெயரை அவர்களே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக வீட்டையும் ஊரையும் விட வேண்டியிருந்தது. வாசகர்களாகிய நமக்கு விட்டுவைத்திருக்கிற வேலை மிகவும் சின்னது. அட்டையில் என்ன பெயர் போட்டிருக்கிறதோ அதைச் சொல்லிப் புத்தகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். பிறகு படிக்க வேண்டும்.